கதவுக்குப் பின்னால் நிற்பது யார்?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓடும் தெருவில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை கிடைத்ததால், தை மாதம் எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தோம். பையனுக்கு 6 வயது. கீழே இருந்தவரை படுத்ததும் தூங்கிவிடுவான். இங்கே வந்ததிலிருந்து ராத்திரி ஆனாலே அழுகைதான். டியூப்லைட்டை அணைக்க விடுவதில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார், கூரை மேல் பேய் ஓடுகிறது என்கிறான். கட்டிலுக்கு அடியில் நாலைந்து தடவை டார்ச் அடித்துக் காட்டினால்தான் படுப்பான். நான் கூடப் படுத்திருக்க வேண்டும்; எழுந்து போனால் நடுராத்திரியில் விழித்துக்கொண்டு கத்துகிறான். “ஆம்பளப் பையன் பயப்படலாமா” என்று என் கணவர் சத்தம் போடுகிறார். மாமியாரோ, “சத்தம் போட்டா காட்டெருமை வந்துரும்” என்று சொல்லி அடக்கப் பார்க்கிறார். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இப்போது சில நாள் படுக்கையையும் நனைத்துவிடுகிறான். வேறு சில நாள், தூங்கிய கொஞ்ச நேரத்திலேயே அலறி உட்கார்ந்து, என்னையே யாரென்று தெரியாததுபோல் பார்க்கிறான். கயிறு மந்திரித்துக் கட்டச் சொல்கிறார்கள். இது நோயா? விளக்கை எரியவே விட்டுவிடலாமா? ஆடித் திருவிழாவுக்கு அம்மாப்பேட்டை போய்ச் சில நாள் இருக்கப் போகிறோம். அங்கே நன்றாகத் தூங்கிவிட்டு வந்தால் சரியாகிவிடுமா?
— ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

நோய் இல்லை. அந்தக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள். மூன்று வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கற்பனை வளர்கிறது. கண்முன் இல்லாததை மனதுக்குள் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தது தன் நினைப்புதான், நிஜமில்லை என்று பிரித்துத் தள்ளும் பக்குவம் அதே வேகத்தில் வருவதில்லை. பகலில் கண்ணுக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. விளக்கை அணைத்தால் கண் சும்மா இருக்கிறது, மனம் ஓட ஆரம்பிக்கிறது. அம்மா எழுந்து போகும் நேரமும் அதுதான். அதனால் இருட்டுப் பயம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, தனியாக விடப்படுகிறோமே என்ற பயம். ஆறு வயதில் இது மிகச் சாதாரணம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரக் குறைந்துவிடும்.

ஆனால் உங்கள் பையன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவன் பிறந்ததிலிருந்து உண்மையான இருட்டையே பார்த்ததில்லை. அம்மாப்பேட்டையில் தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியே விடிய விடிய வீட்டுக்குள் விழுந்திருக்கும். பக்கத்துப் பட்டறையில் தறி ‘கடகட’வென்று ஓடிக்கொண்டே இருந்திருக்கும். நமக்கு அது இரைச்சல்; அவனுக்கு அதுதான் தாலாட்டு. அந்தச் சத்தம் மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடிவிடும். இப்போது வந்திருக்கும் இடத்தில் ஏழு மணிக்கே மலை அடங்கிவிடுகிறது. அந்த அமைதியில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. சில்வண்டு கத்துகிறது, சில்வர் ஓக் கிளை கூரையில் உரசுகிறது, மழை நாளில் தவளை விடாமல் கத்துகிறது. இதில் எதுவும் அவனுக்குப் பழக்கமில்லை. கோழை என்று யாரும் அவனைச் சொல்லிவிட வேண்டாம். தெரியாத ஊரில், தெரியாத சத்தங்களுக்கு நடுவே ஒரு குழந்தை விழித்துக் கிடக்கிறான், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் வேலை இருட்டை விரட்டுவது அல்ல. அந்த இருட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வைப்பது. நான் கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒன்றைத்தான் சுற்றி வரும்.

இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். பையன் பள்ளிக்கூடத்து வேலையில் இருக்கும்போது, இருட்டிய பிறகு, அவன் படுக்கும் இடத்தில் அவன் தலை வைக்கும் பக்கமே தலை வைத்துப் படுங்கள். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு ஒரு பத்து நிமிடம் அப்படியே கிடந்து பாருங்கள். கதவுக்குப் பின்னால் நிற்பது யாரென்று உங்களுக்கே தெரிந்துவிடக்கூடும். எஸ்டேட் வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து மழைக்கோட்டை மாட்டுவார்கள், அதன் மேலேயே தொப்பியையும் மாட்டுவார்கள். அரை வெளிச்சத்தில் அது தலையும் தோளுமாக ஒரு ஆள்தான். அப்படி இருந்தால் அவனையே கூப்பிட்டுக் கோட்டை எடுக்கச் சொல்லுங்கள். விளக்கைப் போட்டு, அணைத்து, மாட்டி, எடுத்து, அவன் கையாலேயே நாலு தடவை செய்து பார்க்கட்டும். பிறகு கோட்டுக்கு வேறு இடம் பாருங்கள்.

கூரையில் ஓடும் பேய்க்கும் அநேகமாக ஒரு பெயர் இருக்கிறது: மரநாய். காபித் தோட்டம் உள்ள மலைகளில் ராத்திரி கூரை மேல் தடதடவென்று ஓடுவது பெரும்பாலும் அதுதான். சில இடங்களில் எலி. காபிப் பழம் பழுக்கும் பருவத்தில் மரநாய் பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையை முழுசாக எச்சத்தில் போட்டுவிட்டுப் போகும். பாறை மேலும் பாதையோரமும் அது கிடக்கும். உங்கள் கணவர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர். பழம் எடுக்க வருகிறவர்களைக் கேட்டால் எங்கே கிடக்கிறது என்று காட்டிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பையனுமாகப் போய்ப் பார்த்து வரட்டும் (கையில் தொட வேண்டாம்). பழுக்காத காலமாக இருந்தால், அது கூரைக்கு ஏறி வரும் கிளை எது என்று இருவரும் கண்டுபிடிக்கட்டும். அடுத்த முறை கூரையில் சத்தம் கேட்டால், “பேய் இல்லடா” என்று நீங்கள் சொல்லத் தேவையிருக்காது. “மரநாய்ப்பா” என்று அவன் உங்களுக்குச் சொல்வான்.

காட்டெருமை விஷயம் கொஞ்சம் வேறு. சேர்வராயன் மலையில் காட்டெருமை நிஜமாகவே இருக்கிறது. அதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். நாளை ஒன்றை நேரில் பார்த்தால் உங்கள் பேச்சை நம்பமாட்டான். மிரட்டலாக இருப்பதை விதியாக மாற்றிச் சொல்லுங்கள், அதுவும் பகலில் சொல்லுங்கள். “காட்டெருமை புல் தின்னும். வீட்டுக்குள்ள வராது. நாம கிட்ட போகக்கூடாது. ராத்திரி வெளிய போகணும்னா அம்மாவோ அப்பாவோ டார்ச்சோட கூட வருவோம்.” இவ்வளவு போதும். பாம்புக்கும் இதே விதிதான். செருப்புப் போட்டு, டார்ச் அடித்துத்தான் வாசலில் கால் வைக்க வேண்டும். பயத்தைத் தெளிய வைக்கிறேன் என்று அவனைத் தனியாக வெளியே கழிப்பறைக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். இருட்டுப் பழக்கம் எல்லாம் வீட்டுக்குள்ளே மட்டும்.

அடுத்து டார்ச். கட்டிலுக்கு அடியில் தேடிக் காட்டுவது அன்பால் செய்வதுதான். ஆனால் அது அவனுக்குச் சொல்லும் செய்தி வேறு: “அம்மாவே தேடுகிறாள் என்றால் அங்கே ஏதோ வரக்கூடும்.” ஒவ்வொரு தேடலும் அடுத்த தேடலைக் கேட்கும். இதில் கண்ணின் கதையும் ஒன்று சேர்ந்துகொள்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்று விழித்திரையில் குச்சி செல்கள் இருக்கின்றன. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் அவை முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். பழகிக்கொண்டிருக்கும் கண்ணில் டார்ச் வெளிச்சம் பட்டால், பழகியதெல்லாம் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலு தடவை டார்ச் அடிக்கிறீர்கள் என்றால், நாலு தடவை அந்த அறையை முன்னைவிடக் கறுப்பாக்கிக் காட்டுகிறீர்கள். கட்டிலுக்கு அடியை ராத்திரிக் காரியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் வெளிச்சத்தில் அவனையே அங்கே பெருக்கச் சொல்லுங்கள், அவன் பொம்மைப் பெட்டியை அங்கே வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி கேட்டால், “நீதானே பெருக்கின, உன் பெட்டிதானே இருக்குது” என்று ஒரே பதில். முதல் சில நாள் அடம் பிடிப்பான். நீங்கள் அசையாதீர்கள், கோபமும் படாதீர்கள்.

இந்தக் கண் விஷயத்தையே ஒரு விளையாட்டாக்கலாம். படுத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு, “முதல்ல என்ன தெரியுது, சொல்லு பாக்கலாம்” என்று கேளுங்கள். முதலில் ஜன்னல் தெரியும், அப்புறம் வெள்ளைச் சட்டை, பாத்திர அலமாரியின் விளிம்பு, கடைசியில் அம்மா முகம். ஒன்றுமே தெரியாத இடத்தில் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பிடிக்கும். (எத்தனை நேரம் ஆனாலும் தெரியவில்லை என்றாலோ, பொழுது சாயும் நேரத்தில் அங்கங்கே இடித்துக்கொள்கிறான் என்றாலோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள், மாலைக்கண்ணாக இருக்கலாம்.)

விளக்கை எரியவே விடலாமா என்று கேட்டீர்கள். டியூப்லைட் வேண்டாம். வெள்ளை வெளிச்சம் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கும். மஞ்சளோ சிவப்போ ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போடுங்கள். அறைக்குள்ளே வேண்டாம், நடையில் போட்டுக் கதவைத் திறந்து வைத்தால் நிழல்கள் சுவரில் பெரிதாக விழாது. முக்கியமாக, அவன் தூங்கியதும் எழுந்துபோய் அதை அணைக்காதீர்கள். நாம் எல்லோருமே ராத்திரியில் பலமுறை லேசாக விழித்து, சுற்றிலும் எல்லாம் இருந்தபடியே இருந்தால் நமக்கே தெரியாமல் திரும்பத் தூங்கிவிடுகிறோம். தூங்கும்போது வெளிச்சமும் அம்மாவும் இருந்து, விழிக்கும்போது இரண்டும் இல்லை என்றால் பிள்ளை திடுக்கிடத்தான் செய்வான். நடுராத்திரியில் உங்கள் பையன் கத்துவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நடுராத்திரியில் அறை எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கும்போது அவன் தூங்கிப் பழக வேண்டும்.

அதற்காக ஒரே நாளில் எழுந்து வந்துவிடாதீர்கள். இப்போது பக்கத்தில் படுக்கிறீர்கள். முதலில் அதே கட்டிலில் உட்கார்ந்திருங்கள், அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அது அவனுக்குச் சலித்துப்போன பிறகு கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு உட்காருங்கள். பிறகு பாய் கதவோரம் போகட்டும், பிறகு நடைக்கு. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நாள் என்று நான் கணக்குச் சொல்லமாட்டேன். அங்கே நீங்கள் இருப்பதை அவன் திரும்பிப் பார்க்காமல் தூங்குகிறானா, அதுதான் அடையாளம். அடுத்த இடம் எது என்பதை அவனையே சொல்ல வையுங்கள். “பாயை இன்னிக்கு எங்க போடட்டும்?” என்று கேட்டால், தான் தீர்மானித்தது என்பதாலேயே அதைத் தாங்கிக்கொள்வான். அறையை விட்டு வெளியே வரும் கட்டத்தில், “அஞ்சு நிமிஷத்துல வந்து பாக்கறேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். அவன் கூப்பிடுவதற்கு முன்னால் வர வேண்டும் என்பது முக்கியம். கூப்பிட்ட பிறகே வந்தால், கத்தினால்தான் அம்மா வருவாள் என்றாகிவிடும். கூப்பிடாமலே வந்தால், அம்மா எப்படியும் வருவாள் என்று மனம் அடங்கும். காலையில் பாராட்டும்போது “தூங்கிட்டியே” என்று பாராட்டாதீர்கள், தூக்கம் அவன் கையில் இல்லை. “பயமா இருந்தும் படுத்திருந்தியே” என்று சொல்லுங்கள்.

ஏற்காட்டில் மழைக்காற்று அடித்தால் கரன்ட் போகும் என்பது உங்களுக்கே இந்நேரம் தெரிந்திருக்கும். அதற்கும் ஒத்திகை பாருங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், எல்லோரும் கூடியிருக்கும்போது நீங்களே விளக்கை அணையுங்கள். இருட்டில் கடலையா பொட்டுக்கடலையா என்று தின்றே கண்டுபிடிக்கட்டும். அப்பா சுவரில் கையால் மான், முயல் காட்டட்டும். அவனுக்கென்று ஒரு சின்ன டார்ச் தலையணைப் பக்கத்தில் இருக்கட்டும். தேடுவதற்கு அல்ல, கரன்ட் போனால் அப்பாவுக்கு வழிகாட்ட என்று சொல்லிக் கொடுங்கள். பயப்படுகிற பிள்ளைக்கு ஒரு பொறுப்புக் கொடுத்துப் பாருங்கள், முதுகு நிமிர்ந்துவிடும்.

மேகமூட்டம் இல்லாத ஒரு நாள் சாயங்காலம், மலையிலிருந்து கீழே பார்க்கும் காட்சிமுனையான லேடீஸ் சீட்டுக்குக் கூட்டிப் போங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய் உட்கார வேண்டும். பொழுது சாயச் சாய, கீழே சேலம் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொள்ளும். அம்மாப்பேட்டை எந்தப் பக்கம் என்று அவனைத் தேடச் சொல்லுங்கள். இருட்டு திடீரென்று மேலே விழுவது ஒன்று. அம்மா மடியில் உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றுகொண்டே அது மெல்ல வருவதைப் பார்ப்பது இன்னொன்று. அந்த விளக்குகள் தெரிய வேண்டுமென்றால் இருட்டு வேண்டும் என்பது அவனுக்கே புரியும். எஸ்டேட்டுக்குத் திரும்பும் பாதை இருட்டு என்றால் ரொம்ப நேரம் தங்க வேண்டாம்.

உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். ஐயா, நீங்கள் பையன் தைரியமாக வளர வேண்டும் என்றுதான் சத்தம் போடுகிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் “ஆம்பளப் பையன் பயப்படலாமா” என்று கேட்டால் பயம் போகாது. பயத்தைச் சொல்வதுதான் நிற்கும். இன்றைக்கு இருட்டைச் சொல்ல வெட்கப்படுகிறவன், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் அடித்தாலும் உங்களிடம் சொல்லமாட்டான். மரநாயைக் காட்டுவதும் சுவரில் மான் காட்டுவதும் உங்கள் வேலை என்று நான் எழுதியிருப்பது அதனால்தான். “பயமா இருக்குதா? சரி. அப்பா பக்கத்து ரூம்லதான் இருக்கேன்.” இதற்கு மேல் அந்த நேரத்தில் எதுவும் பேச வேண்டாம். “ஒண்ணுமே இல்ல, படு” என்பதும் வேண்டாம். அவனுக்கு அங்கே ஏதோ இருக்கிறது.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். கரன்ட் இல்லாத காலத்தில் சிம்னி விளக்கில் வளர்ந்தவராக இருந்தால், வாசலில் பாய் விரித்து வரிசையாகப் படுத்த கதைகள் அவரிடம் எவ்வளவோ இருக்கும். “அப்பாயி, நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப ராத்திரி என்ன பண்ணுவ?” என்று பையனையே கேட்க வையுங்கள். இருட்டில் சந்தோஷமாக இருந்த ஒரு ஆளின் வாயால் இருட்டைக் கேட்பது பெரிய மருந்து. சாப்பிட வைக்கவும் அடக்கவும் பூச்சாண்டி, காட்டெருமை, போலீஸ் எதையும் கூப்பிட வேண்டாம் என்பதை மட்டும் பதமாகச் சொல்லிவிடுங்கள். செல்போனில் பேய் கார்ட்டூன் பார்க்கிறானா என்றும் கவனியுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை எடுத்து வைத்துவிடுங்கள்.

தூங்கிய கொஞ்ச நேரத்தில் அலறி உட்கார்ந்து, உங்களையே தெரியாததுபோல் பார்ப்பது இருட்டுப் பயம் அல்ல. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிப்பதால் வருவது அது. பெரும்பாலும் ராத்திரியின் முதல் பகுதியில்தான் வரும். பார்க்கிற நமக்குத்தான் பதறும். அவனுக்குக் காலையில் நினைவே இருக்காது. எழுப்பாதீர்கள், உலுக்காதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், சில நிமிடத்தில் அடங்கிவிடும். மறுநாள் அதைப் பற்றிக் கேட்டுத் துருவவும் வேண்டாம். தூக்கம் குறைந்த நாட்களில் இது கூடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதைக் கணக்கிட்டுப் படுக்க வையுங்கள். கெட்ட கனவு என்றால் அது விடியற்காலை பக்கம் வரும், உங்களை அடையாளம் தெரியும், கட்டிக்கொள்வான். அப்போது அணைத்துத் தேற்றுங்கள்.

படுக்கையை நனைப்பதற்கு வெளியே இருக்கும் கழிப்பறையே போதுமான காரணம். படுக்கும் முன் நீங்களே கூட்டிப் போய் வாருங்கள். திட்ட வேண்டாம். ஆனால் இதற்கு முன்பு பல மாதமாக நனைக்காமல் இருந்தவன் என்றால் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டிச் சிறுநீர் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீர்த் தொற்றோ சர்க்கரையோ இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

கயிறு பற்றி: சாமி கும்பிடுவதும் திருநீறு பூசிப் படுக்க வைப்பதும் உங்கள் குடும்ப வழக்கம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், பிள்ளைகளுக்கு அது ஆறுதல். ஆனால் அவன் காதுபட, “இவனை ஏதோ பிடிச்சிருக்குது” என்று சொல்லும் ஆளிடம் கூட்டிப் போகாதீர்கள். இதுவரை உருவம் இல்லாமல் இருந்த பயத்துக்கு அந்த ஒரு வார்த்தை உருவம் கொடுத்துவிடும். வேண்டுமானால் பகலில் சேர்வராயன் குகைக் கோயிலுக்குப் போய் வாருங்கள். அந்தக் குகைக்குள் இருட்டாகத்தான் இருக்கும், எல்லோரும் நிதானமாக விளக்கு வெளிச்சத்தில் கும்பிட்டுவிட்டு வருவார்கள். வர மறுத்தால் வெளியிலிருந்தே கும்பிடட்டும், இழுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து, ஆறு மாதத்துக்கு மேலும் பயம் குறையாமலே இருந்தால், பகலிலும் உங்களை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், நேரில் காட்ட வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. மலையிறங்க முடியாத நாளில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயம் இருட்டைப் பற்றி இல்லாமல் ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றியோ ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பற்றியோ இருந்தால், அவனோடு தனியாக உட்கார்ந்து, அவசரப்படாமல், “யாராவது உன்னைத் தொட்டாங்களா, மிரட்டினாங்களா” என்று கேளுங்கள். என்ன சொன்னாலும் அவனைத் திட்டாமல் கேளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

ஆடித் திருவிழாவுக்குக் கட்டாயம் போய் வாருங்கள். கோட்டை மாரியம்மன் கூட்டம், தெருவெல்லாம் சீரியல் லைட், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளோடு வரிசையில் படுக்கை என்று அங்கே அவன் நிம்மதியாகத் தூங்குவான். அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். திரும்பி வந்த முதல் ராத்திரி பழைய அழுகை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அப்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், பாயை ஒரு படி உள்ளே கொண்டுவந்து போடுங்கள். கதவோரம் வரை போயிருந்தீர்கள் என்றால் மறுபடி கட்டிலுக்குக் கீழே. இந்த முறை சில நாளிலேயே அவனே உங்களைக் கதவுப் பக்கம் போகச் சொல்வான்.